மூடியும் சுவரும் சேரும் வட்டம்

மார்ச் 3
ஆக்சியானை, இருண்ட பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் துகளை, தேடச் செய்த செம்புக் குழி: மூடி போட்ட வெற்று உருளை. உள் ஆரம் 22.95 மில்லிமீட்டர். கணக்குப்படி 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே டிஎம் 010 என்ற அடிப்படை நுண்ணலை அதிர்வின் உச்சம் எழுந்து நிற்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் க்யூ, அதாவது அதிர்வு எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதைக் காட்டும் எண், 9,000. செம்புக்கு இந்த அளவில் 22,000 வர வேண்டும்.

மார்ச் 4
9,000.

மார்ச் 6
தூக்கம் வரவில்லை. டிஎம் 010-இல் மின்னோட்டம் சுவர் வழியே நெடுக்காக ஓடி, மூடியில் நடுவை நோக்கித் திரும்புகிறது. அப்படியானால் சுவரும் மூடியும் சேரும் வட்டத்தை மொத்த மின்னோட்டமும் கடந்தாக வேண்டும். அதுவும் செம்பின் மேல்பரப்பில், ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில். அங்கே இரண்டு உலோகமும் நிஜமாகவே தொடுகின்றனவா?

மார்ச் 7
போல்ட்டுகளை இறுக்கினேன்: 11,400. கழற்றி, அதே அளவு மறுபடி இறுக்கினேன்: 10,200. அந்த வட்டம்தான். வேறு எதுவும் இல்லை.

மார்ச் 9
மூடியைத் திருப்பிக் கடைசலுக்குக் கொடுத்தாயிற்று. முழு விளிம்பும் அழுந்த வேண்டாம், அரை மில்லிமீட்டர் அகல வரப்பு மட்டும் உயர்ந்திருந்தால் போதும். அழுத்தம் எல்லாம் அதன்மேல் விழும்.

மார்ச் 11
வரவில்லை.

மார்ச் 12
இயற்பியலாளர் சிகிவி 1983-இல் சொன்ன வழி கேட்க எளிது. வலுவான காந்தப்புலத்துக்குள் ஒரு வெற்றுக் குழி. அதன் அதிர்வெண் ஆக்சியானின் நிறையோடு பொருந்தினால் ஆக்சியான் ஃபோட்டானாக மாறும். எந்த நிறை என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அதிர்வெண்ணைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் காத்திருக்க வேண்டும். வரக்கூடிய சிக்னலோ ஒரு வாட்டை 23 முறை பத்தால் வகுத்த அளவு. க்யூ பாதியானால் தேடும் காலம் இரட்டிப்பு. பெரிய குழி செய்து ஈடுகட்டவும் முடியாது. அதிர்வெண் ஏற ஏற குழி சுருங்கித்தான் ஆக வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால், நீளமும் அதே விகிதத்தில் சுருங்கினால், கன அளவு எட்டில் ஒன்று.

மூங்கிலைப் பிளப்பதுபோல் குழியையே மூடியோடு சேர்த்து நெடுக்காகப் பிளந்திருக்கலாமோ? வெட்டு மின்னோட்டத்தின் திசையிலேயே போகும், எதுவும் அதைக் கடக்காது. அதிர்வெண்ணை நகர்த்தும் தண்டின் அச்சு மூடி வழியாகப் போவதால் அன்று துணியவில்லை.

மார்ச் 13
வரவில்லை.

மார்ச் 16
வந்தது. 19,800. கழற்றி மாட்டினேன், 19,700. மறுபடி, 19,800. கை நடுங்குகிறது.

மார்ச் 17
குளிர்விப்பதற்கு முன் ஒரு பயம். எஃகு போல்ட் செம்பைவிடக் குறைவாகச் சுருங்கும். அப்போது பிடி தளர்ந்துவிடும், வட்டம் மறுபடி திறக்கும். பித்தளை செம்பைவிட அதிகம் சுருங்கும். எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்றினேன்.

மார்ச் 19
குழி மூடப்பட்டு, குளிர்விக்கும் கலனுக்குள் போய்விட்டது. இனி கை வைக்க முடியாது.

மார்ச் 20, இரவு
100 கெல்வின். செம்பு சுருங்கச் சுருங்க உச்சம் 14 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறியிருக்கிறது. க்யூ 43,000. இதே வேகத்தில் ஏறாது, தெரியும். எலக்ட்ரான் மோதாமல் ஓடும் தூரம், மின்னோட்டம் பாயும் அந்த மெல்லிய ஆழத்தைத் தாண்டிவிட்டால் செம்பு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பலன் இல்லை. இருந்தாலும் திரையை விட்டு நகர மனம் வரவில்லை. 96 கெல்வின்.