ஃபோர் ஹை எங்கே, ஃபோர் லோ எங்கே: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

என்னுடையது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். இதற்கான தனி லிவரில் டூ ஹை (இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை), ஃபோர் ஹை (நான்குக்கும் விசை, சாதாரண வேகம்), நியூட்ரல், ஃபோர் லோ (நான்குக்கும் விசை, வேகம் குறைந்து இழுவை கூடும்). முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஃபோர் ஹை போட்டதும், சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். இது புரிந்துவிட்டால் எந்த மோடை எங்கே போடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

கையால் உணர்ந்து பார்க்கலாம் என்று, காய்ந்த சிமென்ட் தளத்தில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சில அடி மட்டும் ஊர்ந்து போனேன். பிரேக் பிடித்த மாதிரி வண்டி திணறியது. டயர் சிமென்டைத் தேய்த்துக்கொண்டு கிறீச்சிட்டது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போயாக வேண்டும். மண்ணில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். சிமென்டில் அதற்கு வழியில்லை, இறுக்கம் எல்லாம் கியர் மேல் ஏறுகிறது. அப்புறம் லிவர் டூ ஹைக்கு வர மறுத்தது. நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்ததும் விட்டுக்கொடுத்தது.

ஆகவே காய்ந்த தார் ரோட்டில் டூ ஹைதான். சரளை, ஈர மண், பனி என்றால் ஃபோர் ஹை. வழுக்கும் இடத்துக்குள் போகும் முன்பே போட்டுவிடுகிறேன். பிரேக் பிடிக்கும் தூரம் இதனால் குறையாது என்பதால் வேகத்தைக் கூட்டுவதில்லை. மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பெரும்பாலும் ஃபோர் ஹையே போதும். அங்கே ஓட்டம் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம். ரோட்டுக்கு ஏறும் முன் காற்றைத் திரும்ப நிரப்பியாக வேண்டும்.

ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, மெயின் கியரை நியூட்ரலில் வைத்துத்தான் மாற்றுகிறேன். லோ விகிதம் 2.5 என்றால், அதே கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடும், வேகம் அத்தனை மடங்கு குறையும். பாறையில் ஏறவும் புதைந்த இடத்திலிருந்து மீளவும் இது நிச்சயம் வேண்டும். ஆனால் எனக்கு இதன் அருமை தெரிந்தது செங்குத்தான இறக்கத்தில்தான். முதல் கியரில் போட்டு, கிளட்ச், ஆக்சிலரேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டேன். எஞ்சினே பிடித்துக்கொள்ள, வண்டி நடக்கிற வேகத்தில் இறங்கியது. பிரேக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் கிளட்சை மட்டும் மிதிக்கவே கூடாது. மிதித்த அடுத்த நொடி எஞ்சினின் பிடி போய் வண்டி உருள ஆரம்பித்துவிடும்.