ராயப்பேட்டையில் ஒரு வாரம்: சென்னைத் திரைப்பட விழா நாட்குறிப்பு

டிசம்பர் 12, 2024, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் டிசம்பர் மழைக்கும் பழைய பஞ்சாயத்து ஒன்று உண்டு. 2015 வெள்ளத்தால் அந்த வருட விழா 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதற்கடுத்த டிசம்பரில் ஜெயலலிதா மறைவு, ஒரு வாரத்தில் வர்தா புயல். மறுபடியும் ஜனவரி. கொரோனா சமயத்தில் பிப்ரவரி வரை போனது. இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் 2003-இல் தொடங்கிய விழா, இத்தனையையும் தாண்டி 22-ஆவது வருடத்துக்கு வந்திருக்கிறது. அதற்காகவே கொஞ்சம் நனையலாம்.

வடபழனியிலிருந்து ஆட்டோ. ஜெமினி மேம்பாலம் தாண்டுவதற்குள் ஓட்டுநர் ரெண்டு தடவை இறங்கி பிளக்கைத் துடைத்தார். விழா நடக்கும் சத்யம் தியேட்டர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பேண்ட் முழங்கால் வரை ஈரம்.

மாலையில் லாபியில் நின்றவர்கள் யாரும் சினிமா பேசவில்லை. எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் சிங்கப்பூர், உலக செஸ் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டார் என்று ஒருத்தர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே "குகேஷ் ஜெயிச்சுட்டான்" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல். கைதட்டல் கேட்டு உள்ளேயிருந்து ஒரு தன்னார்வலர் எட்டிப் பார்த்து, யாரோ நடிகர் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார் போல, ஏமாந்து திரும்பினார்.

டிசம்பர் 13, வெள்ளி

நண்பனின் படம் தமிழ்ப் பிரிவில் இருக்கிறது. அதில் நான் இணை இயக்குநர். படத்தின் பேரையும் அவன் பேரையும் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "ரிலீஸ் ஆகாத படத்துக்கு எதுக்குடா பேரு?" என்பது அவன் வாதம். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய கதை. சென்சார் முடிந்து மாதக்கணக்கில் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது.

டிசிபியை, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியை, பூட்டிக் கொடுப்பதா, பூட்டாமல் கொடுப்பதா என்று நேற்று ராத்திரி வரை யோசனை. பூட்டினால் கேடிஎம் வேண்டும். அது குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் திறக்கும் சாவி. கடைசி நிமிடத்தில் ஸ்கிரீன் மாறினால் படம் திறக்காது. பூட்டாமல் கொடுத்தால் யாராவது நகல் எடுத்துவிட்டால்? "டெலிகிராம்ல வந்தாலாவது நாலு பேர் பார்ப்பான்" என்றான். பூட்டாமலே கொடுத்தோம்.

காலைக் காட்சிக்கு முன் பத்து நிமிடம் சோதித்துப் பார்க்க இடம் கிடைத்தது. தறி ஓடும் காட்சியைப் போடச் சொன்னோம். எடிட் ரூமில் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சத்தம்தான். ஆனால் காலி அரங்கில், ஐந்து பக்கத்திலிருந்தும், தரை வழியாகவும் வந்தபோது இருவரும் பேசவில்லை. ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஐந்தில் வைத்திருந்தார். ஆறு வேண்டும் என்றான் இவன். "ஆறுல வச்சா வசனம் வரும்போது பெரியவங்க காதைப் பொத்துவாங்க தம்பி" என்றார் அவர். இருபது வருடம் புரொஜெக்டர் அறைக்குள் உட்கார்ந்து ஊர் காது எப்படிப்பட்டது என்று தெரிந்து வைத்திருப்பவர். ஐந்தரையில் ஒப்பந்தம் ஆனது.

மதியம் அவன் அம்மா போன் செய்தார். இன்று கார்த்திகை, விளக்கேற்ற வருவானா என்று. நான்தான் எடுத்தேன். "தியேட்டர்ல இருக்கான்மா" என்றேன். "அவன் படமா?" என்றார். ஆமாம் என்று சொல்ல நன்றாக இருந்தது.

டிசம்பர் 14, சனி

மூன்று வெளிநாட்டுப் படங்கள். ஒன்று அருமை, ஒன்று சுமார், ஒன்றில் தூங்கினேன்.

இந்த விழாவின் நிரந்தரக் குடிமக்கள் ஓய்வுபெற்றவர்கள்தான். துணிப்பை, தண்ணீர் பாட்டில், கால அட்டவணையில் பச்சை மை அடிக்கோடு. வுட்லண்ட்ஸ் தியேட்டரில் விழா நடந்த காலத்திலிருந்து வருகிறார்கள். படம் முடிந்து வெளியே வரும்போதே அடுத்த அரங்குக்கு இடம் பிடிக்க ஒருவரை முன்னால் அனுப்பிவிடுகிறார்கள். இவர்களோடு போட்டி போட உதவி இயக்குநர்களால் முடியாது. நமக்குப் பத்து மணிக்குத்தான் விடியும்.

சாயங்காலம் திரு.வி.க. சாலை டீக்கடையில் வழக்கமான கூட்டம். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. நட்சத்திரம் இல்லாத படம் எடுத்தால், தியேட்டரில் ஓடட்டும், அப்புறம் வாங்குகிறோம் என்கிறது ஓடிடி. ஆள் வந்தால் ஷோ தருகிறோம் என்கிறது தியேட்டர். ஓடிடியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஆள். வெள்ளி மதியம் ஒரு ஷோ, எட்டுப் பேர் வந்தால் கேன்சல், சனிக்கிழமை போஸ்டர் மட்டும். இதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள் என்றால், யாரைக் கேட்டாலும் "கன்டென்ட் நல்லா இருந்தா ஓடும் ப்ரோ" என்கிறார்கள். அதைச் சொன்னவருக்கும் சேர்த்து நான்தான் காசு கொடுத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

எங்கள் படம்.

அரங்கு முக்கால்வாசி நிறைந்தது. அதில் பாதி எங்கள் ஆட்கள் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று இருட்டில் பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. நாங்கள் சிரிப்பார்கள் என்று நினைத்த வட்டிக்காரர் காட்சியில் ஒரு சத்தம் இல்லை. தறியில் பாவு நூல் அறுந்து நிற்கும்போது அம்மா தறியைப் பார்த்து "உனக்கும் இன்னைக்கு லீவா?" என்று கேட்கும் இடத்தில் மொத்த அரங்கும் சிரித்தது. அது ஸ்கிரிப்டிலேயே கிடையாது. அன்று கரண்ட் போய் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவே பேசியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இடைவேளைக்குப் பிறகு வரும் திருவிழாப் பகுதி நீளம். எனக்கு முன்பே தெரியும், அவனுக்கு இன்றுதான் தெரிந்தது. நாலு நிமிடம் வெட்டலாம்.

கேள்வி பதிலில் வழக்கம்போல முதல் ஆள் கேள்வியே கேட்கவில்லை, தன் குறும்படத்தைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஆள் கேமரா எது, லென்ஸ் எது. மூன்றாவதாக நரைத்த தலை அம்மா ஒருவர் எழுந்தார். "நல்லா இருந்துச்சு தம்பி. எங்க அக்கா ராஜபாளையத்துல இருக்கா. தறிக்காரங்க குடும்பம். அவ எங்க போய்ப் பார்ப்பா?"

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "சொல்றோம்மா, நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றான் கடைசியில்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி முதல் தேதி. தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்த செய்தியோடு விடிந்தது. காலைப் படத்துக்குப் போக மனம் வரவில்லை. சாயங்காலம் போனபோது, மியூசிக் அகாடமியிலிருந்து நேராக வந்த ஒரு மாமா வரிசையில் தாளம் போட்டுக்கொண்டே நின்றார். ஒரே ராயப்பேட்டையில் கச்சேரியும் சினிமாவும் கூப்பிடு தூரத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ரசிகர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

டிசம்பர் 17, செவ்வாய்

எங்கள் படத்தின் உதவி எடிட்டர் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். அங்கேயும் 13-ஆம் தேதியிலிருந்து விழா. இரண்டு நகரங்களும் வருடா வருடம் ஏன்தான் ஒரே வாரத்தில் மோதுகின்றனவோ, இங்கிருக்கிற பாதி சினிமாப் பைத்தியங்கள் ரயிலேறிவிடுகிறார்கள்.

"அண்ணே, இங்க 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'னு ஒரு படம். டைரக்டருக்கு முதல் படம். ஸ்டாரே இல்ல. கியூ ரோடு வரைக்கும் நிக்குது" என்றாள். பொன்னானியில் ஒரு பெண் புது மெத்தை வாங்க ஆசைப்படுகிறாள், அதுதான் கதையாம். சர்வதேசப் போட்டியில் இரண்டு மலையாளப் படங்களுக்கு இடம். அது போக இன்றைய மலையாள சினிமா என்று தனிப் பிரிவு. நடத்துவது கேரள அரசின் சலச்சித்ர அகாடமி, அதாவது திரைப்பட அகாடமி. பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சமூக இயக்குநர்களுக்கும் படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை கொடுத்து எடுக்கவைக்கும் திட்டமும் அந்த அரசிடம் இருக்கிறது. அவர்கள் ரசனை உசத்தி, நம் ரசனை மட்டம் என்று சொல்லும் ஆளில்லை நான். வரிசை வானத்திலிருந்து விழுவதில்லை, முப்பது வருடமாக ஆட்கள் உட்கார்ந்து அதைக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். சென்னையில் ஒரு சங்கம் அரசு நிதியும் நன்கொடையும் சேர்த்து இதை நடத்துவதே பெரிய காரியம். ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

டிசம்பர் 19, வியாழன்

நேற்று போகவில்லை, காய்ச்சல். இன்று நிறைவு விழா.

சிறந்த படம் 'அமரன்'. இரண்டாவது 'லப்பர் பந்து'. சிறந்த நடிகர் 'மகாராஜா'வுக்காக விஜய் சேதுபதி, நடிகை 'அமரன்' சாய் பல்லவி. குழந்தை நட்சத்திரம் 'வாழை' பொன்வேல். அந்தப் பையன் பேர் அறிவித்ததும் நானும் சத்தமாகவே கைதட்டினேன்.

இவற்றில் எதுவும் தகுதியில்லாதது இல்லை. 'லப்பர் பந்து' இயக்குநரின் முதல் படம், நாலு தடவை பார்க்கலாம். என் வழக்கு வேறு. தீபாவளியிலிருந்து ஓடி, ஓடிடிக்கும் வந்துவிட்ட படத்துக்கு இந்த விருது வீட்டு அலமாரியில் இன்னொரு பொருள். 2022-இல் இதே விழா 'கிடா'வைச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அது தியேட்டருக்கே வந்திருக்கவில்லை. அதில் தாத்தாவாக வாழ்ந்த பூ ராமு அந்த ஜூனிலேயே போய்விட்டார். 2023 தீபாவளி நெரிசலில்தான் ரிலீஸ். வருகிற வரைக்கும் அதன் பேரை உயிரோடு வைத்திருந்ததில் அந்த விருதுக்குப் பங்கு உண்டு. வெளியான படங்கள், வெளியாகாத படங்கள் என்று போட்டியை இரண்டாகப் பிரித்தால் என்ன குறைந்துவிடும்? ஓடிய ஓட்டமும் ஓடாத ஓட்டமும் ஒரே கோட்டில் நின்றால் நடுவர்கள்தான் என்ன செய்வார்கள்.

நண்பனுக்கு வருத்தம் இல்லை. இல்லை என்று மூன்று தடவை சொன்னான்.

டிசம்பர் 21, சனி

திருவனந்தபுரத்தில் நேற்று முடிந்தது. 'ஃபெமினிச்சி ஃபாத்திமா' நடுவர் சிறப்புப் பரிசும் பார்வையாளர் விருதும் வாங்கிவிட்டது. உதவி எடிட்டர் இருபது போட்டோ அனுப்பியிருக்கிறாள்.

இங்கே வேறு கதை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் படம் பார்த்த ஒருத்தர் விநியோகஸ்தரிடம் சொல்லி, அவர் காலையில் கூப்பிட்டார். பொங்கலுக்கு அஜித் படம் வருகிறது, அதற்கு முன்னால் ஜனவரி முதல் வாரம் ஒரு இடைவெளி இருக்கிறதாம். தென் மாவட்டங்களில் பத்துப் பன்னிரண்டு ஸ்கிரீன் பேசலாம், விபிஎஃப் என்கிற டிஜிட்டல் திரையிடல் கட்டணமும் போஸ்டர் செலவும் எங்கள் தலையில். ராஜபாளையம் உண்டா என்று கேட்டோம். உண்டாம். நண்பன் உடனே அந்த அம்மாவின் நம்பரைத் தேட ஆரம்பித்தான். சட்டைப் பையில் இல்லை, பைக் டேங்க் கவரில் கிடந்தது.

திருவிழாவில் நாலு நிமிடம் வெட்டச் சம்மதித்துவிட்டான். போஸ்டர் டிசைனர், விழாவுக்குத் தேர்வான படங்கள் போட்டுக்கொள்ளும் இலை வளையத்தை எங்கே வைக்கட்டும் என்கிறார். விருது வாங்கவில்லையே, தேர்வு மட்டும்தானே என்று தயங்கினான். இலையைப் பெரிதாகவும் எழுத்தைச் சின்னதாகவும் போடச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பிரிண்ட்.