பத்து நிமிடக் காஸ்டிங், மூன்று நாள் கொட்டேஷன்: திருப்பூர் நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

எங்கள் ஆடைக் கம்பெனியில் காஸ்டிங்குக்கு, அதாவது ஒரு ஆடைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட, ஏஐ வந்துவிட்டது. பையர் (ஆடை வாங்கும் கம்பெனி) அனுப்பும் டெக் பேக்கை, அதாவது ஆடையின் முழு விவரக் குறிப்பைக் கொடுத்தால் அளவு, துணி, பிரிண்ட், பட்டன், லேபிள் போன்ற டிரிம்ஸ் எல்லாவற்றையும் படித்து, பத்து நிமிடத்தில் ஷீட்டை நிரப்பித் தருகிறது. ஆனால் கொட்டேஷன் பையருக்குப் போக இன்னமும் மூன்று நாள் ஆகிறது.

இன்று ஒரு ஸ்டைலின் (ஆடை மாடலின்) பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பையருடன் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமிருந்து ஷீட் துணிப் பிரிவுக்குப் போனது. அங்கே நூல் விலையை மறுபடி கேட்டுப் போட்டார்கள். ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி போகும் என்ற ஆவரேஜைக் கட்டிங் மாஸ்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஃப்ளோரில் இருந்தார். அப்புறம் அக்கவுண்ட்ஸ். கடைசிக் கையெழுத்து முதலாளியுடையது. அவர் கோவை போயிருந்தார். மென்பொருள் மாறிவிட்டது, ஷீட் நடக்கும் பாதை அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990இல் எழுதிய கட்டுரையை முதலாளியிடம் சொன்னேன். எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் 1882இலேயே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் பெரிதாக உயர்ந்தது 1920களில்தான். நீராவி எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்தார்களே தவிர, கூரையில் சுழன்று எல்லா மெஷினையும் ஓட்டிய நீண்ட தண்டையும் பெல்ட்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எந்த மெஷின் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தத் தண்டுதான் தீர்மானித்தது. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று ஆன பிறகே, வேலை போகும் வரிசைப்படி ஆலையை அமைக்க முடிந்தது.

“நம்ம கம்பெனியில அந்தத் தண்டு எதுங்க?” என்று கேட்டார். கையெழுத்துகளின் வரிசை என்றேன்.

ஜூன் 18, புதன்

எல்லாப் பிரிவுகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். ஒரு துணியை மட்டும் எடுத்துக்கொண்டோம்: நேவி நிறம், சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட் துணி), 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்). மெர்ச்சண்டைசிங்கில் அது ‘நேவி’. டையிங் (சாயமிடும்) ஃபைலில் லாப் டிப் எண், அதாவது சாய மாதிரியின் எண். ஸ்டோரில் வேறொரு கோட். அக்கவுண்ட்ஸுக்கு டி.சி. (டெலிவரி சலான்) எண் போதும். ப்ராசஸ் லாஸ், அதாவது டையிங்கில் குறையும் எடை தெரிய வேண்டுமானால் அங்கே போன கிரே (சாயமிடாத) துணியின் எடையையும் திரும்பி வந்த துணியின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பதிவுகளில் அவை இரண்டு வெவ்வேறு துணிகள். இதைக் கொடுத்துவிட்டு ஏஐயிடம் சரியான கணக்கை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

பையர் விலை கேட்ட நாளிலிருந்து ஷிப்மென்ட் வரை ஒரே ஸ்டைல் எண் என்று முடிவானது. ஸ்டோர்காரர்கள்தான் அதிகம் தயங்கினார்கள். பழைய இருப்பு முழுவதற்கும் எண் மாற்றும் பாரம் அவர்கள் தலையில்தானே விழுகிறது? அதற்கு இரண்டு பேரைக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

உண்மையான முடிச்சு இதுதான். பர்ச்சேஸுக்கு விலை குறைந்தால் நல்ல பெயர். மெர்ச்சண்டைசருக்கு ஆர்டர் பிடித்தால் நல்ல பெயர். புரொடக்‌ஷனுக்குப் பீஸ் எண்ணிக்கை. மட்டமான நூலை வாங்கி, தைத்து, செக்கிங்கில் ரிஜெக்ட் ஆனாலும் இந்த மூன்று பேருக்கும் அந்த மாதம் நல்ல மாதம்தான்! ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஏஐ வாங்கினால் இந்த இழுபறி இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். இனி ஆர்டர் முடிந்த பின் கையில் நின்ற லாபம், சொன்ன தேதியில் ஷிப்மென்ட் ஆனதா என்ற இரண்டையும் வைத்தே எல்லாருக்கும் மதிப்பீடு. முதலாளி சம்மதிக்க ஒரு வாரம் ஆனது.

ஜூலை 8, செவ்வாய்

யார் கையெழுத்து? ரிப்பீட் ஸ்டைல், பழகிய துணி, நிர்ணயித்த லாப வரம்புக்குள் என்றால் மெர்ச்சண்டைசரே அனுப்பலாம். புதுத் துணி என்றால் துணிப் பிரிவும் கட்டிங் மாஸ்டரும் பார்த்தாக வேண்டும். மாஸ்டர் இன்று ஒரு ஷீட்டைத் திருப்பினார்: “லைக்ரா துணிங்க, காம்பாக்டிங்ல டயா இறங்கிரும். கம்ப்யூட்டர் போட்ட ஆவரேஜ் பத்தாது.” அதாவது, துணி பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங்கில் அதன் அகலம் குறைந்துவிடும். இந்தக் காரணத்தை எழுத ஷீட்டில் ஒரு கட்டமே இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

‘ஏஐ போட்ட விலை’ என்று யாரும் ஒதுங்க முடியாது என்பதையும் எழுதி வைத்தோம். ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான கட்டண விவரம் சொன்ன வழக்கில், 2024 பிப்ரவரியில் கனடாத் தீர்ப்பாயம் கம்பெனியைத்தான் பொறுப்பாக்கியது.

ஜூலை 19, சனி

ரிப்பீட் ஸ்டைல் கொட்டேஷன்கள் அன்றன்றே போகின்றன. ஜூனியர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். டைப்பிங் குறைந்த நேரத்தில் அவர்களை டையிங், டிரிம்ஸ் ஃபாலோ-அப்புக்கு அனுப்புகிறோம். சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்பதை முதலாளியிடம் எழுத்தில் வாங்கிவிட்டேன்.

அடுத்து செக்கிங்குக்குக் கேமரா வாங்கலாம் என்கிறார்கள். ஓட்டை தெரிந்தால் தகவல் நிட்டிங்குக்கா, கட்டிங்குக்கா, லைனை நிறுத்தும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு உண்டா? இவை முடிவாகும் வரை டெமோவுக்குக்கூட யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.