நெஞ்சுவலியோடு மலை இறங்கிய இரவு

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வால்பாறை எஸ்டேட்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். என் தலைமுறையில் பலரும் பிறந்ததே தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான். டாக்டர் குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே இருக்கும், நடுராத்திரியிலும் கதவைத் தட்டலாம். தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று எங்கள் தோட்டத்தில் முதலில் கட்டில்களை எடுத்தார்கள், பிறகு டாக்டர் போனார். இப்போது பகலில் ஒரு சிஸ்டர் வந்து காய்ச்சல் மாத்திரை கொடுப்பதோடு சரி. வாசலில் '24 மணி நேரமும்' என்ற போர்டை மட்டும் யாரும் கழற்றவில்லை.

அந்தப் போர்டு எங்கள் நேரத்தைத் தின்றது. அப்பாவுக்கு இடது கை இழுத்து, வேர்த்துக் கொட்டியதும், பக்கத்து லைனுக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) புதிதாக வந்த அண்ணன் ஒருவர் ஜீப்பை எடுத்தார். போர்டைப் பார்த்து அங்கேதான் நிறுத்தினார். பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் சாவிக்காரரைத் தேடிப் போனார். சாவி வந்தது, உள்ளே ஆக்சிஜன்கூட இல்லை.

வால்பாறை டவுனில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஈசிஜியைப் பார்த்ததும் 'அட்டாக்தான்' என்றார். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேடின் 8, மொத்தம் 14 மாத்திரை உடனே கொடுத்தார்கள். 2023-ல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை நிலையங்களுக்கும் கொடுத்திருப்பது இதே மாத்திரைகள்தான். ஆகவே நெஞ்சுவலி என்றால் கிட்டே எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுங்கள். டாக்டரைக் கேட்காமல் வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்து. கோவை போய் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்து நீக்குவது) செய்ய 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியையும் இங்கேயே போட்டுவிடுவதாகச் சொன்னார். அந்த டாக்டரை நான் மறக்கமாட்டேன்.

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸோடு ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. மலையில் ஒரு வண்டி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அது வரும்வரை அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பொள்ளாச்சி 64 கிலோமீட்டர்தான் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நடுவே 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. டிரைவர் வேகம் எடுத்தால் ஸ்ட்ரெச்சரில் இருப்பவர் சரிந்துவிடுவார். அட்டகட்டிக்கு முன்னால் ரோட்டில் யானைகள். டிரைவர் சைரனை நிறுத்தி, லைட்டைக் குறைத்து, அவை விலகும்வரை காத்திருந்தார். அவர் செய்தது சரி. ஆழியாறுக்குக் கீழே சமவெளியில் பறந்துவிட்டோம்.

கோவையில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டு கவுண்டர்காரர், "தம்பி, கார்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர் இருக்கு. ரேஷன் கார்டு ஒரிஜினல் கொண்டு வாங்க" என்றார். அப்பா பெயரில் ஓர் இனிஷியல் கூடுதல், அவ்வளவுதான். ஒரிஜினல் மலை மேலே வீட்டில் இருக்கிறது! நான் அவரோடு வாதாடவில்லை. ரெஃபரல் சீட்டையும், போனில் எடுத்து வைத்திருந்த ஈசிஜி படத்தையும், ஊசி போட்ட நேரத்தையும் டியூட்டி டாக்டரிடமே நேராகக் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேப்பர் அப்புறம், ஆளை உள்ளே கொண்டு வாங்க" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ரேஷன் கார்டைத் தம்பி காலை முதல் பஸ்ஸில் கொண்டு வந்தான்.

மலையில் இருப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியது: ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் ஒரே கவரில் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஈசிஜி எடுத்த நிமிடமே படம் எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும் வழியில் பல இடத்தில் சிக்னல் இருக்காது, டவுனிலேயே கோவையில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

ராத்திரிக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு வண்டி. இந்த மூன்றையும் கேட்டு எங்கள் லைனில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம். நகல் நிர்வாகத்துக்கும் போகிறது, அந்தப் போர்டின் போட்டோவோடு.