ஊர்ப் பெயரில் சிதறிய காய்ச்சல்

சுகாதார ஆய்வாளராக நான் பணியில் சேர்ந்தபோது நோய்க் கண்காணிப்பு முழுக்கத் தாளில் நடந்தது. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்படி, கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளை வைத்து எஸ் படிவத்தையும், மருத்துவர் தம் கணிப்பை வைத்துப் பி படிவத்தையும், ஆய்வகத்தார் உறுதியான முடிவுகளை வைத்து எல் படிவத்தையும் நிரப்ப, கணக்கு வாரம் ஒருமுறை மேலே போகும். 2021 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் இணையவழிப் பதிவு வந்தபின், அன்றன்றே ஏற்ற முடிகிறது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு வாரத்தில் டெங்குவைப் பரப்பும் கொசு ஒரு தலைமுறையே வளர்ந்துவிடும்.

ஆனாலும் ஒரு மழைக்காலத்தில், தீபாவளி முடிந்த வாரம், செவிலியர் என்னை அழைத்து, "சார், காலனித் தெருவில ஆறு பேர் காய்ச்சல்ல படுத்திருக்காங்க, நீங்க ஏன் இன்னும் வரல?" என்று கேட்டபோது, திரையில் எந்த ஊருக்கு நேராகவும் இரண்டுக்கு மேல் எண்ணிக்கை ஏறியிருக்கவில்லை.

அன்று மாலை புறநோயாளிப் பதிவேடு, ஆய்வகக் குறிப்பேடு, செவிலியரின் கள நாட்குறிப்பு மூன்றையும் மேசையில் பரப்பி, பெயர் பெயராகத் தேடினோம். அந்தக் குக்கிராமம் ஊராட்சிக் கணக்கில் ஓர் ஊரையும் வருவாய்க் கணக்கில் வேறோர் ஊரையும் சேர்ந்தது. செவிலியர் இருவரை முதல் பெயரிலும், புறநோயாளிப் பிரிவில் நாங்கள் இருவரை இரண்டாவது பெயரிலும் பதிந்திருந்தோம். ஆய்வகத்தில் ஒருவர் பக்கத்து வட்டாரத்துக்கே போய்விட்டார். 'கீழ' என்று தொடங்கும் ஊர்கள் பல, அந்த ழகரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால், இணையப் பதிவின் ஊர்ப் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தட்டியிருக்கிறார்கள். ஆறாமவர் தனியார் மருத்துவரிடம் போனவர். அவர் எந்தப் பதிவிலும் இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று இருந்தது. எங்கள் கணக்கில் ஏறியிருந்த ஓர் இளைஞர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். பண்டிகைக்கு வந்த மறுநாளே காய்ச்சல் கண்டவர். கொசு கடித்து நான்கு முதல் பத்து நாட்களுக்குப் பிறகே டெங்கு வெளிப்படும் என்பதால் அவருக்குத் தொற்றிய இடம் இங்கல்ல, ஆதார் முகவரிதான் இங்கே. அதற்காக அவரை விட்டுவிடவும் முடியாது. காய்ச்சலோடு இருப்பவரை உள்ளூர்க் கொசு கடித்தால் அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

மறுநாள் காலை அந்தத் தெருவில் இறங்கினோம். மேல்நிலைத் தொட்டியையும் தெருவோரச் சிமெண்ட் தொட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுப் பின்புறம் பயன்படுத்தாமல் கிடந்த ஆட்டுக்கல்லின் குழியில் டார்ச் அடித்தேன், கொசுப் புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. ஆகவே நோயாளியின் வீடு எது என்று தெரியாத எண்ணிக்கை, எவ்வளவு விரைவாக வந்தாலும், புகை மருந்து அடிப்பவருக்கு வழி காட்டாது.

பிறகு, எங்கள் ஒவ்வொரு குக்கிராமத்தையும் பட்டியலில் எந்தப் பெயரில் தேர்வு செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஆய்வக மேசையிலும் செவிலியர்களின் நாட்குறிப்பு அட்டையிலும் ஒட்டினோம். காய்ச்சலோடு வருபவரிடம் முகவரிக்கு முன்னால், "பத்து நாளா எங்கே தங்கியிருந்தீங்க?" என்று கேட்கிறோம். தனியார் மருத்துவரிடம் போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. சனிக்கிழமை தோறும் நோட்டுப் புத்தகத்தோடு அந்த மருத்துவரிடம் நானே போய் வருகிறேன்.