மச்சினனும் 192 கிலோஹெர்ட்ஸும்

நேற்று சாயங்காலம் மச்சினன் வந்தான். செருப்பைக் கழற்றியதும் ஃபேனை நிறுத்தினான். அடுத்து ஃபிரிட்ஜ். அப்புறம் நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை இறக்கி பேட்டரியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கேட்டுவிட்டுச் செய்யும் வழக்கமெல்லாம் கிடையாது. வேர்த்துக் கொட்ட நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பையிலிருந்து தங்க நிறத்தில் ‘ஹை-ரெஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு குட்டிப் பெட்டியை எடுத்தான். எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. டாக் என்பான் அதை, ஏதோ பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

“மாமா, இது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். நீங்க இதுவரைக்கும் கேட்டதெல்லாம் பாட்டே இல்ல.”

நான் சிடி கட்சி. 1982-ல் வந்தது, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், எனக்குப் போதும். இந்தக் கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளக்கிறோம் என்பது; பிட், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது. நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து வைக்கிறோமோ அதில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்களை அப்படியே திரும்ப எடுத்துவிடலாம், கணக்கு அது. 44.1-ல் பாதி 22. மனிதக் காதுக்கு, அதுவும் இளசாக இருக்கும்போது, 20 வரைதான். 192-ல் பாதி 96 கிலோஹெர்ட்ஸ். நாய்க்கே 45 சுமாருக்கு மேல் எட்டாது, ஆக மச்சினன் இவ்வளவு செலவழித்திருப்பது வௌவால்களுக்காக. அதற்கும் அவன் ஸ்பீக்கர் அந்த உயரம் ஏற வேண்டும், ஏறாது.

“சிடில அலை படிக்கட்டு படிக்கட்டா இருக்கும் மாமா” என்றான். படிக்கட்டெல்லாம் விளம்பரப் படத்தில்தான்டா, அந்தச் செல்லப் பெட்டியை விட்டு வெளியே வரும்போது வழவழவென்றுதான் வரும் என்றால் காதில் வாங்கினால்தானே.

முதலில் சிடி போட்டான். அப்புறம் அதே பாட்டை அவனுடைய ஃபைலில் போட்டான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. அம்மாகூட “இதுதான் பாட்டு மாதிரி இருக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மச்சினன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்போது உள்ளறையிலிருந்து மகள், தலையைக்கூட நீட்டாமல், “மாமா, ரெண்டாவதுல சத்தம் ஜாஸ்தியா இருக்கே?” என்றாள்.

அவ்வளவுதான். ஒரு டெசிபல் கூடினாலே நமக்குச் ‘சத்தம் ஜாஸ்தி’ என்று தோன்றாது, ‘நல்லா இருக்கு’ என்றுதான் தோன்றும். போதாக்குறைக்கு இரண்டும் வேறு வேறு மாஸ்டரிங், அதாவது வெளியிடுவதற்கு முன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்த விதமே வேறு. வெளியே வந்த மகள் அவனுடைய ஃபைலையே எடுத்து 16 பிட், 44.1-க்கு மாற்றி, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, பெயர் தெரியாமல் மறைத்துக் கொடுத்தாள். ஏ ஒன்று, பி ஒன்று, மூன்றாவதாக வரும் எக்ஸ் அந்த இரண்டில் எது என்று சொல்ல வேண்டும். மச்சினன் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சொன்ன விடைகளுக்குப் பதில் காசைச் சுண்டிப் போட்டிருக்கலாம், நேரமாவது மிச்சமாகியிருக்கும்.

தோற்றவன் சும்மா இருப்பானா? 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரிகிறது என்று எழுதியிருப்பதைப் போனில் காட்டினான். காட்டட்டும். மொத்தமாகச் சரியான விடை 52 சதவீதத்துக்குச் சற்று மேல். பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் 60 பக்கம். நான் 2007-க்குப் போனேன். மேயரும் மோரனும் நடத்திய சோதனையில் 554 தடவை கேட்டதில் 276 தடவைதான் சரி, பாதிகூட இல்லை. “அவங்க போட்ட டிஸ்க் சரியில்ல மாமா” என்றான். எப்படியும் ஏதாவது ஒன்று சரியில்லாமல்தான் இருக்கும் இவனுக்கு.

மகள் சண்டையை முடிக்கிறேன் என்று வெறும் ‘கீ’ சத்தத்தை 8, 10, 12 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றிக்கொண்டே போனாள். 12-லேயே அம்மா சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். 15-ல் நானும் மச்சினனும், “ம், ஆரம்பி” என்கிறோம், மகள் காதைப் பொத்திக்கொண்டு “ஓடிட்டிருக்கு!” என்று கத்துகிறாள். பெரிய ஒலி ரசிகர்கள், போங்கள்.

ஆனால் ஒன்று. ரெக்கார்டிங் விஷயத்தில் மச்சினன் சொல்வதுதான் சரி, அந்த 24 பிட் வேண்டும். அம்மாவின் தாலாட்டைப் பதிவு செய்ய மைக்கும் கொண்டுவந்திருந்தான். அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஆரம்பிப்பாள், எப்போது எழும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. 16 பிட்டில் அடி இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே 96 டெசிபல் இடம்தான். சன்னமான குரல் அடியில் உள்ள இரைச்சலோடு ஒட்டாமலிருக்க அளவை ஏற்றி வைக்க வேண்டும், ஏற்றினால் உச்சத்தில் அலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்தப் பெட்டியாலும் ஒட்ட முடியாது. 24 பிட்டில் கணக்குப்படி 144, கருவிகள் அவ்வளவு தராவிட்டாலும் 120 பக்கம் தரும். தாராளமாக அளவை இறக்கி வைத்தான். இரண்டாவது சரணத்தில், குரல் நூலாக இழையும் இடத்தில், அம்மா பாட்டை நிறுத்தாமலேயே தலையைத் திருப்பி “கேட்டைச் சாத்து!” என்று ஒரு அதட்டல் போட்டாள். மீட்டரில் முள் எகிறியது, சிவப்பைத் தொடவில்லை. மச்சினன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்புறம் போட்டுக் காட்டினோம். அதட்டலைப் பற்றி அம்மாவுக்குக் கவலையே இல்லை. “மூச்சு வாங்குறது கேக்குதே, அத எடுத்துடு” என்றாள். “அத்தை, அதுக்குத்தானே இவ்வளவும்” என்றான் அவன். “பாட்டி, அதுதான் நல்லாருக்கு” என்றாள் மகள். முந்தைய நிமிடம் வரை அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இப்போது ஒரே கட்சி. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று காலையிலிருந்து அம்மாவுக்கு எங்கள் மூன்று பேரிடமும் பேச்சு இல்லை.