லாகவுட் ஆகும்போது ஸ்க்ரிப்ட் ஓடணும்னா

லாகின் ஆகும்போது ஸ்க்ரிப்ட் (கமாண்டுகளை வரிசையா எழுதி வெச்ச ஃபைல்) ஓட வைக்க எத்தனையோ வழி இருக்கு, யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. லாகவுட்லதான் பாதி பேர் மாட்டிக்கறாங்க, ஏன்னா செஷன், அதாவது லாகின்லேர்ந்து லாகவுட் வரைக்குமான காலம், எப்ப முடியுதுன்னு யாரும் யோசிக்கறதில்ல.

லினக்ஸ்ல முதல்ல கைகாட்டறது ஹோம் ஃபோல்டர்ல இருக்கற .பாஷ்_லாகவுட் ஃபைலைத்தான். அது லாகின் ஷெல், அதாவது லாகின் ஆனதும் நம்ம கமாண்டுகளை வாங்கிக்க ஆரம்பிக்கற ப்ரோக்ராம், மூடும்போது மட்டும்தான் ஓடும். எஸ்எஸ்ஹெச்ல (வேற மெஷின்லேர்ந்து நெட்வொர்க் வழியா லாகின் ஆகறது) வந்து எக்ஸிட் அடிச்சா ஓடும், ஆனா டெஸ்க்டாப்ல டெர்மினல் திறந்து மூடினா பெரும்பாலும் ஓடாது, அது லாகின் ஷெல்லே இல்ல, அதனால டெஸ்க்டாப்ல லாகவுட் பட்டனை அழுத்தறவங்களுக்கு இந்த ஃபைல் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

நான் சொல்றது சிஸ்டம்டி யூசர் சர்வீஸ். சிஸ்டம்டிங்கறது லினக்ஸ்ல சர்வீஸ்களை ஆரம்பிச்சு நிறுத்தற ப்ரோக்ராம். சர்வீஸ் ஃபைல்ல டைப் ஒன்ஷாட், ரிமெயின்ஆஃப்டர்எக்ஸிட் யெஸ், எக்ஸெக்ஸ்டாப்ல (சர்வீஸ் நிறுத்தும்போது ஓடறது) உங்க ஸ்க்ரிப்ட், எனேபிள் பண்ணிட்டா முடிஞ்சுது. அந்த யூசரோட கடைசி செஷன் முடிஞ்ச பிறகுதான் ஓடும், ரெண்டு எடத்துல லாகின் ஆகியிருந்தா ரெண்டுலேர்ந்தும் வெளிய வரணும். லிங்கர் (லாகவுட் ஆன பிறகும் யூசரோட சர்வீஸ்களை ஓட விடற செட்டிங்) ஆன்ல இருந்தா லாகவுட்ல ஓடவே ஓடாது, இதை முதல்ல செக் பண்ணுங்க. வழக்கமா 90 செகண்ட்தான் டைம், அதுக்குள்ள ஸ்க்ரிப்ட் முடிக்கலன்னா சிஸ்டம்டி அதைக் கொன்னுடும், பெரிய பேக்கப்பை எல்லாம் இதுல ஏத்தாதீங்க.

விண்டோஸ்ல குரூப் பாலிசி எடிட்டர்ல யூசர் கான்ஃபிகரேஷனுக்குக் கீழ லாக்ஆஃப் ஸ்க்ரிப்ட் இருக்கு, ஹோம் எடிஷன்ல அந்த எடிட்டர் வராது. ஷட்டவுன் ஸ்க்ரிப்ட் வேற, அது சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓடும், யூசர் மேப் பண்ண (நெட்வொர்க் ஃபோல்டரை டிரைவ் எழுத்தா இணைச்ச) டிரைவ் எதுவும் அதுக்குத் தெரியாது. மேக்ல லாகவுட்ஹுக்னு ஒண்ணு இருக்கு, ரூட்டா (எல்லா அதிகாரமும் இருக்கற அக்கவுண்ட்) ஓடும், ஆப்பிளே கைவிட்ட பழைய வழி, புதுசா அதை நம்பி எதுவும் கட்டாதீங்க.

எந்த வழியா இருந்தாலும் கரண்ட் போனா, மெஷின் ஹேங் ஆனா லாகவுட் ஸ்க்ரிப்ட் ஓடாது. அதனால முக்கியமான க்ளீனிங்கை லாகின் ஸ்க்ரிப்ட்லயும் வைங்க, போன தடவை மிச்சம் இருந்தா அது எடுத்துடும். வெறும் டெம்ப் ஃபைல்தான்னா ஸ்க்ரிப்டே வேணாம், /ரன்/யூசர் கீழ உங்க யூசர் நம்பர்ல இருக்கற ஃபோல்டர்ல போடுங்க, கடைசி லாகவுட்ல அது தானா காலியாயிடும்.

இன்னொண்ணு, ஸ்கிரீன் போன பிறகு ஓடற ஸ்க்ரிப்ட் எரர் அடிச்சாலும் நம்ம கண்ணுல படாது. முதல் வரியிலயே தேதி, நேரம், யூசர் பேரு மூணையும் ஒரு லாக் ஃபைல்ல எழுத வைங்க, அப்பதான் ஓடுச்சா இல்லையான்னாவது தெரியும்.